பெருக்கல் குறி

மரத்தைப் பாதி அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த மரக்காரனை யாராவது பார்த்ததுண்டா? அக்காக்காரி அன்றைக்குப் பார்த்தாள். கட்டின புருஷனாயிற்றே, பார்க்காமல் எங்கே போவாள்? தலைமுடியெல்லாம் மரத்தூள், முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. தட்டை வாங்கினவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் தான் கீறி வைத்திருந்த பெருக்கல் குறியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார். சாப்பிடவில்லை.

"என்னங்க, மரம் விழுந்துச்சா?"

"மெஷின் விழுந்துச்சு."

"மரம்?"

"நிக்குது. பாதிக் கழுத்தோட நிக்குது."

வீட்டுக்காரர் மரம் அறுப்பவர். அவளுடைய உடன்பிறந்த தம்பிதான் அவருக்குக் கயிறு பிடிப்பவன். இந்தத் தொழிலில் அறுக்கிறவனுக்குத்தான் பெயர். உயிர் என்னவோ கயிற்றுக்காரன் கையில். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு செயின் ரம்பம். அதற்குப் பெயரே மெஷின்தான். வீட்டில் மாவரைக்கிற மெஷின், துணி தைக்கிற மெஷின் எதுவும் இல்லாததால் மெஷின் என்றால் அது ஒன்றுதான்.

மரம் நின்றது தையற்காரர் வீட்டுக்குப் பின்னால். நல்ல பருத்த தைலமரம். மழையில் வேர் மண் கரைந்து, வீட்டுக் கூரையை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய ஆரம்பித்திருந்தது. எதிர்ப்பக்கம் காலி மனை. மரம் விழ வேண்டிய அந்தப் பக்கம் அடிமரத்தில் வாய் வெட்டி, உச்சியில் கயிறு கட்டி, மனையின் கோடியில் நின்ற இன்னொரு மரத்தில் அதைச் சுற்றித் தம்பிக்காரன் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் ரம்பம் பாதி தூரம் போய், ஆப்பும் அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மெஷின் ஒரு கத்தல் கத்தி அடங்கிவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

கோடாலி போடலாமே என்று கேட்கலாம். பாதி அறுந்த மரத்தில் கோடாலி விழுந்தால் அதிர்கிற அதிர்ச்சிக்கு அது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. வேறு மரக்காரரைக் கூப்பிடலாமே என்றால், ஒருத்தன் வாய் வெட்டின மரத்தில் இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். அது தொழில் தர்மம். மெஷினை இரவல் கொடுக்கிற மரக்காரனோ இன்னும் பிறக்கவில்லை. வானொலியில் காற்று பலமாக வீசும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். தையற்காரர், பெண்டாட்டி பிள்ளைகளை மச்சினி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியெல்லாம் உள்ளே கிடக்கிறதே என்று தெருவில் நின்று கூரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைத்தெருவுக்குப் போவோம். நீயும் வா," என்றார் வீட்டுக்காரர்.

"நான் எதுக்கு?"

"நான் மெக்கானிக் கையைப் பார்ப்பேன். நீ அவன் மேஜைக்கு அடியில பாரு."

இதுதான் அவர். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். என்றைக்கோ ஒரு கடைக்காரன் சைக்கிளில் புதுச் செயினைக் கழற்றிப் பழசை மாட்டிவிட்டானாம். அன்றைக்குப் பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை. குடை, ஏணி, செருப்பு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைப்பார். விட்டால் கட்டினவள் முதுகிலும் கீறியிருப்பார் என்று அக்காக்காரியே சொல்லிச் சிரித்ததுண்டு. மற்ற மரக்காரர்களும் குறி போடுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வெளியே தெரிகிற மாதிரி போடுவார்கள். இவர் தெரியாத இடமாகப் பார்த்துப் போடுவார். தெரிந்தால் திருடன் அதே மாதிரி போட்டுவிடுவானாம்!

பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கோணிப்பையில் சுற்றின மெஷினைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனாள். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. கடைத்தெருவில் பெரிய போர்டு போட்ட கடை ஒன்று. எதைக் கொண்டுபோனாலும் "போச்சு" என்பதால் அந்த மெக்கானிக்குக்கு அதுவே பட்டப்பெயர்.

மெஷினைப் பிரித்துப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"போச்சுங்க."

"என்ன போச்சு?"

"கார்பரேட்டர் போச்சு. ஆமா, இது கம்பெனி சாமானே கிடையாதே! யாரோ ஒரிஜினலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டி விட்டிருக்காங்க. வேற எங்கயாவது வச்சிருந்தீங்களா?"

வீட்டுக்காரர் மெள்ளத் திரும்பி அக்காக்காரியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகும். அதனால் மழைக்காலம் முழுக்க மெஷின் தம்பி வீட்டுக் கொட்டகையில்தான் இருந்தது. அங்கிருந்து வந்த பிறகு இதுதான் முதல் மரம்.

"அதை இப்படிக் குடு," என்று கார்பரேட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறி இல்ல."

"எங்க போட்டீங்க?"

"இது மெஷினோட ஒட்டுற முகம் இருக்குல்ல, அங்க. உன் தம்பி வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நானே கழட்டிப் போட்டேன். அது வெள்ளை. இதைப் பாரு, கருப்பா இருக்கு. குறி எங்க?"

"மெதுவாப் பேசுங்க."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? எடுத்தவன் மெதுவாப் பேசட்டும்."

புதுச் சாமான் வாங்கச் சொன்ன போச்சு மெக்கானிக்கிடம், "உன்னையும் எனக்குத் தெரியும்டா," என்று ஒரு முறைப்பு முறைத்துவிட்டு மெஷினைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். யார் மேலும் நம்பிக்கை இல்லாதவர், அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். சந்தேகக்காரர்கள் புத்தி அப்படித்தான். தனக்குத் தோதான பொய் என்றால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும்.

தம்பிக்காரன் காலி மனையில் கயிற்றுக்குக் காவலாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பைக் நின்றதும் எழுந்தான்.

"மாமா, சரியாயிடுச்சா? காத்து ஆரம்பிக்குது. கயிறு முறுக்குற சத்தம் கேக்குது பாருங்க."

"கார்பரேட்டர் எங்க மாப்ள?"

"எது?"

"ஒரிஜினல். என் குறி போட்டது."

தம்பிக்காரன் வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கினான்.

"நான் எடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. மெக்கானிக் சொல்றான்."

"மெக்கானிக் உங்களுக்குக் கயிறு பிடிப்பானா?" என்றான் தம்பிக்காரன். குரல் உயரவே இல்லை. "இத்தனை வருஷமா உங்க உசுரை இந்தக் கையில பிடிச்சிருக்கேன். அப்பல்லாம் வராத சந்தேகம், ஒரு டப்பா சாமானுக்கு வந்துடுச்சு. அக்கா, நீ என்ன சொல்ற?"

அக்காக்காரி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. வந்திருக்க வேண்டும். "சீ, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் மனசுக்குள் வேறொன்று நெளிந்தது.

"சரி. கயிறைக் கட்டிட்டேன். முடிச்சையும் சரிபார்த்துக்கங்க, அதுலயும் ஏதாவது எடுத்திருப்பேன். இனிமே வேற ஆளைப் பாருங்க," என்று கையுறையை உதறிப் பையில் திணித்துக்கொண்டு நடந்துவிட்டான்.

அவள் மனசுக்குள் நெளிந்தது இதுதான். மழைக்காலத்தில் ஒருநாள் தம்பி அவளிடம் தனியாகச் சொன்னான்: "அக்கா, மாமாகிட்ட சொல்லாத. பழைய மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். ஒரே ஒரு சாமான்தான் இல்ல. அது கிடைச்சா நானும் சின்னச் சின்ன மரமா தனியா எடுப்பேன்." அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி தலையெடுக்கிறான் என்று பெருமைகூடப் பட்டாள். இப்போது அந்த 'ஒரே ஒரு சாமான்' நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால் தீர்ந்தது கதை. சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

மறுநாள் காலையில் சமாதானம் பேசுகிற சாக்கில் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி இல்லை. தம்பி பெண்டாட்டி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வாங்க அண்ணி. அவரு மனசே சரியில்லாம எங்கயோ போயிருக்காரு. உக்காருங்க, டீ போடறேன். அண்ணன் கோவத்துல சொல்லியிருப்பாரு, எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண்ணின் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. கள்ளம் இல்லாததே அக்காக்காரிக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் அடுப்படிக்குப் போனதும் இவள் பின்பக்கம் கொட்டகைக்குள் நுழைந்தாள். சாக்கைத் தூக்கினால், பழைய மெஷின் இருந்தது. கவசத்தைக் கழற்றிப் பார்த்தாள். கார்பரேட்டர் இருக்க வேண்டிய இடம் பொக்கை வாய் மாதிரி வெறுமையாக இருந்தது.

அத்தோடு திரும்பியிருக்கலாம். மகராசி, திரும்பினாளா? மாட்டவில்லை என்றால் என்ன, மாட்ட நேரம் இல்லாமல் ஒளித்து வைத்திருக்கலாமே என்று மனசு அடுத்த படிக்கட்டைக் காட்டியது. ஆணி டப்பாவைக் கவிழ்த்தாள். பழைய டின்னுக்குள் கைவிட்டாள். அங்கேயும் இல்லை என்றதும் கால் தானாக வீட்டுக்குள் போனது. உள்ளறையில் ஒரு தகரப் பெட்டி. மூடியைத் தூக்கி, மடித்து வைத்திருந்த சேலைகளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் துழாவினாள்.

விரலில் பட்டது ஒரு குழந்தைச் சட்டை. அவ்வளவுதான். நிமிர்ந்தாள்.

அறை வாசலில் தம்பி பெண்டாட்டி டீத் தம்ளரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. துணி வெளுக்கிற மாதிரி முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"டீ ஆறுது அண்ணி," என்றாள்.

அக்காக்காரி தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்துபோனது. "பூச்சி ஏதோ ஓடுச்சு, அதான்..." என்று தொடங்கினாள். தம்பி பெண்டாட்டி தலையை ஆட்டிவிட்டுப் பெட்டி மூடியைச் சாத்தினாள். பிறகு வாசலுக்குப் போய் மிச்சத் துணியைத் துவைக்க உட்கார்ந்தாள். துவைகல்லில் துணி விழுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் அக்காக்காரியைத் துரத்திக்கொண்டு வந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு.

அன்றைக்குப் பாலத்துக்கு அடியில் இருக்கிற இன்னொரு கடைக்குப் போனார்கள். அங்கே இருந்தவன் மெஷினைப் பிரித்துப் போட்டான், பாட்டுக் கேட்டுக்கொண்டே பூட்டினான், இழுத்தான். மெஷின் கர்ஜித்தது. கடைசியில் கீழே இரண்டு திருகு மிச்சம் கிடந்தது.

"இது எங்கப்பா போகணும்?" என்று கேட்டாள் அக்காக்காரி.

"அது எக்ஸ்ட்ராக்கா. கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருப்பான்."

மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பட்டையில் வைத்ததும் மெஷின் கொஞ்சம் கடித்தது, சூடானது, செத்தது. காற்று உச்சியைப் பிடித்து உலுக்கியதில் வெட்டுவாய்க்குள் மரம் முனகியது. பின்னால் நின்ற தையற்காரர், "தம்பியைக் காணோமே?" என்றார். வீட்டுக்காரர் காது கேட்காத மாதிரி மெஷினைத் துடைத்தார்.

திரும்புகிற வழியில் அக்காக்காரிக்கு ஒரு சத்தம் காதில் விழுந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் புல் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போகும்போதும் ஓடியது. இருமல் இல்லை, விக்கல் இல்லை, ஒரே சீராக. "வண்டியை நிறுத்துங்க," என்றாள்.

"அங்க எதுக்கு? நமக்கு இன்னும் நாள் இருக்கு."

"நல்ல வைத்தியன் யாருன்னு போர்டைப் பார்த்தா தெரியும்? பிழைச்சு எழுந்தவனைக் கேக்கணும்."

தோட்டக்காரர் மெஷினை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"என்னால இங்கேர்ந்து நகர முடியாதும்மா. அதனால ஒரு தடவை குடுத்தா மறுபடி போக வேண்டாத கடைதான் எனக்குக் கடை. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஐஸ் உடைக்கிற சந்து இருக்கே, அதுல ஒரு அம்மா இருக்கு. போர்டு கிடையாது. ரிப்பேருக்குத்தான் கூலி வாங்கும், திட்டு இலவசம். காதைப் பொத்திக்கிட்டுப் போங்க."

"பொம்பளையா?" என்றார் வீட்டுக்காரர்.

"மெஷினுக்கு அது தெரியாதுங்க," என்றார் தோட்டக்காரர்.

சந்து முழுக்க ஐஸ் தண்ணீரும் உமியும் மிதிபட்டுக் கிடந்தன. கடை என்பது ஓர் ஆள் அகல அறை. சுவரெல்லாம் மருந்தடிக்கிற பம்புகள் தொங்கின, கீழே ஜெனரேட்டர்கள் கிடந்தன. நடுவில் ஸ்டூலில், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, தோட்டக்காரர் சொன்ன அந்தத் திட்டம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ். மெஷினைத் தொடவில்லை. முதலில் இவர்களைத்தான் பிரித்துப் பூட்டினாள்.

"சும்மாவே நிக்குதா, சூடானா நிக்குதா?"

"சூடானா," என்றாள் அக்காக்காரி.

"உன்னைக் கேட்டேனா? அறுக்கிறவர் வாயைத் தொறக்க மாட்டாரோ?"

"சூடானாத்தான்," என்றார் வீட்டுக்காரர்.

"கடைசியா நல்லா ஓடினது எப்ப?"

"மழைக்கு முன்னாடி. அப்புறம்... ஒரு சொந்தக்காரன் வீட்டுல இருந்துச்சு."

"சொந்தக்காரன் கதை வேண்டாம். மழைக்கு முன்னாடி நல்லா ஓடினதை யாரு கழட்டினது?"

வீட்டுக்காரர் சந்தின் கோடியைப் பார்த்தார். அவள் மெஷினை இழுத்துப் போட்டுக் கவசத்தைக் கழற்றி, கார்பரேட்டரை வெளியே எடுத்தாள். மெஷினோடு ஒட்டுகிற முகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாரு இவ்வளவு பசையைத் தடவினது? நடுவுல வைக்கிற பேக்கிங் தாள் பிரிக்க முடியாம இதுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது!"

பிளேடால் சுரண்டினாள். கருப்பாக ஒட்டியிருந்த தாள் சுருள் சுருளாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல், மூலைக்கு மூலை, ஆழமாக ஒரு பெருக்கல் குறி.

கடலை மென்ற வாய் நின்றது.

"எந்த வாத்தியாரு இங்க தப்பு போட்டது?"

அக்காக்காரி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டு வாத்தியார்தான்," என்றாள்.

"ஐயா, இங்க வாங்க. இந்த ஊசி ஓட்டையைப் பாருங்க. மெஷின் இது வழியாத்தான் மூச்சு விட்டு பெட்ரோலை இழுக்குது. உங்க கீறல் ஓட்டை மேல போய், வெளி ஓரம் வரைக்கும் போகுது. மூச்செல்லாம் இந்த வாய்க்கால்லயே போயிடுது. ஆறி இருக்கறப்ப உங்க பசை அடைச்சுக்கும். சூடானா இளகிக்கும். அப்புறம் எங்கேர்ந்து ஓடும்? திருடன் வந்திருந்தாக்கூட சாமானை முழுசா எடுத்திருப்பான், இப்படிக் கொன்னிருக்க மாட்டான்."

"அப்ப இது... ஒரிஜினலா?" என்றார் வீட்டுக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கம்பெனியில பொறந்த மாதிரியே இருக்கு. உங்க தப்பு ஒண்ணைத் தவிர."

கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, கார்பரேட்டர் முகத்தை அதில் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அவசரமே இல்லை. தேய்க்கத் தேய்க்கக் குறி மங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காக்காரி வேறெங்கோ பார்த்தாள். தம்பி எடுக்கவில்லை. தம்பி எடுக்கவே இல்லை. அந்தத் தகரப் பெட்டிக்குள் போன தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

புதுப் பேக்கிங் போட்டு மெஷினை ஓட்டி, சூடாகும் வரைக்கும் நிறுத்தாமல் வைத்து, ஒரு கட்டையையும் அறுத்துக் காட்டினாள் திட்டம்மா. "இனிமே இதுல ஆணி பட்டுச்சுன்னு தெரிஞ்சது, கடைக்குள்ள விட மாட்டேன்," என்று திரும்பி உட்கார்ந்து கடலையை எடுத்தாள்.

பைக்கில் ஏறினதும் வீட்டுக்காரர் சொன்னார்: "அந்தப் போச்சுப் பயல்தான் எல்லாத்துக்கும் காரணம்."

"வண்டியைத் தம்பி வீட்டுக்கு விடுங்க," என்றாள். அவள் அப்படி அதட்டிப் பேசி அவர் கேட்டதில்லை. விட்டார்.

தம்பிக்காரன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். வீட்டுக்காரர் இறங்காமலே தொண்டையைச் செருமினார்.

"மாப்ள. மெஷின் ஓடுது. காத்து ஏறுது."

கோடாலி நின்றது. "குறி கிடைச்சுதா மாமா?"

"கிடைச்சுது."

"எங்க?"

"போட்ட இடத்துல."

தம்பிக்காரன் அவரையே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று அக்காக்காரிக்குத் தெரியும். "யோவ் மாமா!" என்றான். வீட்டுக்காரர் இறங்கிப்போய் அவன் தோளைப் பிடித்து, "என்னைத் திட்டுடா, நல்லாத் திட்டு," என்றார். "மரம் விழட்டும், அப்புறம் சாவகாசமாத் திட்டறேன்," என்று தம்பிக்காரன் கையுறையை எடுத்து மாட்டினான். அவ்வளவுதான், ஆம்பிளைகள் விவகாரம் முடிந்தது. அக்காக்காரிக்குப் பொறாமையாக இருந்தது.

வாசற்படியில் தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். "வாங்க அண்ணி," என்றாள். சொல்ல வேண்டிய முறைக்குச் சொன்னாள்.

காலி மனையில் ஊரே கூடியிருந்தது. உச்சி ஆடுகிற ஆட்டத்தில் கயிறு தொய்வதும் விறைப்பதுமாக இருந்தது. தம்பிக்காரன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான், முடிச்சைப் புதிதாகப் போட்டான், குதிகாலை மண்ணில் ஊன்றினான். வீட்டுக்காரர் மெஷினோடு மரத்தின் முதுகுப்பக்கம் போனார். வழக்கமாகப் போனால் முடிச்சை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அன்றைக்குத் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, திரும்பாமல் இருப்பதற்கே பாடுபட்ட மாதிரி இருந்தது.

மெஷின் கத்தியது. மரத்தூள் வெள்ளையாகப் பீச்சியது. "காத்து வருது மாமா, நிறுத்து!" நிறுத்தினார். காற்று போனது. "இப்ப போ!" ரம்பம் மறுபடி இறங்கியது. சூடானது, சாகவில்லை. "இழுக்கறேன்! ஓடு, ஓடு!" மரம் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, கூரைக்கு முதுகைக் காட்டி, காலி மனையில் முழு நீளத்துக்கும் போய் விழுந்தது. காலுக்கடியில் தரை குதித்தது. தையற்காரர் வீட்டுக்குள் ஓடினார், கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. மனுஷன் அதை ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

சாயங்காலம் எல்லாரும் அக்காக்காரி வீட்டில் சாப்பிட்டார்கள். அவள்தான் வற்புறுத்திக் கூப்பிட்டாள். தம்பி பெண்டாட்டி முன்கூட்டியே வந்து, சொல்லாமலே வெங்காயம் உரித்தாள், முட்டையை வேகவைத்துக் குழம்பில் போட்டாள், பாத்திரம் கழுவினாள். கூடத்தில் தம்பிக்காரன் திட்டம்மா மாதிரி குரலை மாற்றிப் பேச, வீட்டுக்காரர் புரையேறச் சிரித்தார். அதை வைத்தே அக்காக்காரிக்குத் தெரிந்துவிட்டது, தகரப் பெட்டி விஷயத்தைத் தம்பி பெண்டாட்டி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தம்பி நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பான், காலில் விழுந்தாவது தீர்த்திருக்கலாம்.

அடுப்படியில் தனியாக இருந்தபோது ஆரம்பித்தாள். "காலையில நான் உன் வீட்டுல..."

"உப்பு சரியா இருக்கா பாருங்க அண்ணி."

"இரும்மா, நான் சொல்றதை..."

"அண்ணனுக்கு இன்னொரு முட்டை வைக்கவா?"

கரண்டியை நீட்டினாள். அக்காக்காரி ருசி பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கிளம்புகிற நேரம். ஆம்பிளைகள் வாசலில் பைக்கைச் சுற்றி நின்று அடுத்த வேலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி மூலையில் வைத்திருந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். பையின் வாயை இரண்டு கையாலும் அகலமாக விரித்து அக்காக்காரியின் முன்னால் பிடித்தாள். அவள் முகத்தில் குத்தல் இல்லை. கும்பிட வந்தவளைப் போல அடக்கமாகத்தான் நின்றாள்.

"பார்த்துக்கங்க அண்ணி. அப்புறம் எதையாவது காணோம்னா உங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

"சீ, என்னம்மா இது!" என்று அந்தப் பையைத் தள்ளிவிட வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அக்காக்காரிக்கு இரண்டும் தெரிந்திருந்தது. ஆனால் அதற்குள் அவள் கண் பைக்குள் போய், ஒரு சீப்பையும் துண்டையும் காலி டப்பாவையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. அதைத் தம்பி பெண்டாட்டியும் பார்த்தாள்.